நாற்பத்தேழு வயதில் முத்து

வெள்ளகோவிலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். யார் வந்து காலில் விழுந்தாலும் போவதில்லை. காரணம், என் நெற்றியில் ஏழு பருக்கள்.

எனக்கு வயது நாற்பத்தேழு. இந்த வயதில் ஒருவனுக்குச் சர்க்கரை வரலாம். பிரஷர் வரலாம். அதற்கெல்லாம் ஒரு மரியாதை இருக்கிறது. மில்லில் "எனக்குப் பிரஷருங்க" என்றால் ஸ்டூல் எடுத்துப் போடுகிறார்கள். "எனக்குப் பருங்க" என்று எவனிடம் சொல்வது? கல்யாணத்தோடு போன சனியன், இருபத்திரண்டு வருஷம் கழித்து, விலாசம் மறக்காமல் அதே நெற்றிக்குத் திரும்பி வந்திருக்கிறது.

வந்த நேரமாவது நல்ல நேரமா? வெள்ளகோவிலில் என் மச்சினன் மோகன்குமார் புது வீடு கட்டியிருக்கிறான். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். போனில் கூப்பிட்டான்.

"மச்சான், ஒரு போட்டோ அனுப்புங்க. வாசல்ல ஃபிளெக்ஸ் வெக்கறோம். உங்க மூஞ்சி மட்டும் ஆறடிங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகம் ஆறடி என்றால் ஒரு பரு தேங்காய் அளவு வரும்.

இந்த மோகன்குமாரை உங்களுக்குத் தெரியாது. எங்கள் கல்யாணத்தின்போது அவனுக்குப் பதினொரு வயது. தாலி கட்டி முடித்த நிமிஷம், மண்டபமே அமைதியாக இருந்தபோது, மைக்குக்குப் பக்கத்தில் நின்று கேட்டான்: "அக்கா, மாப்பிள்ளை மூஞ்சியில ஏன் அரிசிக் குருணை ஒட்டியிருக்குது?" வீடியோவில் அது பதிவாகியிருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் போட்டுப் பார்க்கிறார்கள். படம் முடிந்ததும் குருணை என்று ஒருவர் ஆரம்பிப்பார். மாட்டுப் பொங்கல் வரை ஓடும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சிங்காநல்லூரில் ஒரு மில்லில் பத்தொன்பது வருஷமாக நைட் ஷிஃப்ட் ஃபிட்டர் நான். மிஷின் ஒழுங்காக ஓடினால் ஃபிட்டருக்கு வேலை கிடையாது. உட்கார்ந்து போனில் படிப்பேன். தோல், துவாரம், ஹார்மோன் என்று ஒரு மாதம் படித்தேன். படித்ததை எல்லாம் முகத்தில் போட்டுப் பார்த்தேன். பற்பசை, எலுமிச்சை, ஒரு வாட்ச்மேன் கொடுத்த சிவப்பு டியூப். மூன்று பரு ஏழானது.

கடைசியில் என் மனைவி புவனா என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தலைக்கு எண்ணெய் வைப்பீங்களா?" என்றார் டாக்டர்.

"வைப்பேனுங்க."

"எவ்வளவு?"

நான் யோசிப்பதற்குள் புவனா சொன்னாள். "பணியாரம் சுடலாமுங்க டாக்டர்."

எண்ணெய் நெற்றிக்கு வழிந்து துவாரத்தை அடைக்கிறதாம். எண்ணெயை நிறுத்து, பருவைக் கிள்ளாதே, கண்டதைப் பூசாதே, நன்றாகத் தூங்கு, ராத்திரி இந்த டியூபைத் தடவு. இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் என் ஷிஃப்ட்டில் முழுசாக முடி இருக்கிற ஒரே ஆள் நான். அது எண்ணெய் ஊற்றி வளர்த்த முடி. எனக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே செழிப்பு. அதை ஒரு டாக்டர் சொல்லிக் காயப்போட முடியுமா? டியூபை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். மறந்தேன்.

புதன்கிழமை காலை. ஷிஃப்ட் முடிந்து வரும்போதே திட்டம் தயார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

"ஏனுங்க, காப்பி ஆறுதுங்க."

"புவனா..." குரலை நடுங்க வைத்தேன். "கிட்ட வராத. நெத்தியில முத்து போட்டிருக்குது."

"முத்துங்களா?"

"அம்மையாட்டம் இருக்குது அம்மணி."

அம்மை என்றால் பத்துப் பதினைந்து நாள் வீட்டை விட்டு நகர முடியாது. விசேஷத்துக்குப் போகக்கூடாது. போகச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வராது. ஃபிளெக்ஸும் தப்பும், குருணையும் தப்பும்.

புவனா என் நெற்றியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா! எங்க ஊட்டுக்கா வந்திருக்கறீங்க!"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரியாக அரை மணி நேரம் நீடித்தது.

முதலில் வேப்பிலைக் கொத்து வந்தது. பெட்ரூம் கதவில் கட்டினாள்.

"வாசல்லதான கட்டுவாங்க?"

"வாசல்ல கட்டுனா காத்துல பறந்துருமுங்க."

அடுத்து என் போனைப் பிடுங்கினாள். "வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதுங்க." சீப்பையும் கண்ணாடியையும் எடுத்தாள். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். "அம்மை கண்டவிய தலைக்கு எண்ணெய் தொடலாமுங்களா? ஆத்தாளுக்கு ஆகாது." மில்லுக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். மத்தியானம் உப்பில்லாத கஞ்சி வந்தது.

"தாளிச்சாவது குடு புள்ள."

"தாளிக்கற சத்தம் கேட்டா ஆத்தா கோவிச்சுக்குவாங்க."

"ஒரே ஒரு மிச்சர் பொட்டலம்..."

"ஏனுங்க, நீங்க ஆத்தாளுக்குப் பயப்படறீங்களா இல்லைங்களா?"

பயப்படுகிறேன் என்றேன்.

காலையும் மாலையும் வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் முகத்தைத் துடைத்தாள். ராத்திரி ஏதோ ஒரு வெள்ளைக் களிம்பை நெற்றியில் தடவினாள். மருந்துக்கடை வாசனை அடித்தது.

"என்ன புள்ள இது?"

"கோயில்ல குடுத்ததுங்க. கண்ணை மூடுங்க."

ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் ராத்திரி விழித்தே பழகியவன் ஒன்பது மணிக்கு என்ன செய்வான்? மின்விசிறியைப் பார்த்தேன். இந்த முகத்தைப் பகலில் யார் பார்த்தார்கள்? நான் பகலெல்லாம் தூங்குகிறவன். யாரும் பார்க்காத முகத்துக்கு இத்தனை பாடு. என்னவோ போல் இருந்தது. அப்படியே தூங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கிருபாவதி அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்றாம் நாள் வந்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, கிள்ளாதீங்க. தழும்பாயிரும்" என்றார்.

பிறகு சமையலறையில் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். அம்மை கண்ட வீட்டில் அவ்வளவு சிரிப்பு எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கஞ்சி குடித்த மூளை. ஓடவில்லை.

ஏழாம் நாள்தான் மனசு உறுத்தியது. புவனா பீரோவைத் திறந்து, பால் காய்ச்சுக்கு என்று எடுத்து வைத்திருந்த மாம்பழக் கலர் பட்டுச் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினாள். ஒரே தம்பி. அவன் கட்டுகிற முதல் வீடு.

"நீ மட்டும் போயிட்டு வா புவனா."

"ஆத்தாளை ஊட்டுல வெச்சுப்போட்டு நான் எப்படிங்க போறது? உடுங்க. அடுத்த ஊடு கட்டாமயா போயிருவான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தேன். காதுக்குள் குருணை என்று ஒரு குரல் கேட்டது. மூடிக்கொண்டேன்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை. புவனா குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஆத்தா கனவுல வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இன்னைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. எறங்கிட்டாங்களாமா. ஞாயித்துக்கெழமை தாராளமா வெள்ளகோயில் போலாம்னுட்டாங்க."

"அதெப்படி..."

"ஒரே ஒரு காணிக்கை கேட்டாங்க."

"என்ன?"

புவனா என் தலையைப் பார்த்தாள்.

நான் பதறினேன். கெஞ்சினேன். கனவில் வந்தது ஆத்தாதானா, நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டேன். "அப்ப வந்தது அம்மைதானுங்களா, நீங்க நல்லாப் பாத்தீங்களா?" என்று அவள் கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்து மணிக்கு மாரியம்மன் கோயிலில், தொட்டித் தண்ணீரில், என் செழிப்பு மிதந்தது.

வீட்டுக்கு வந்ததும், பத்து நாளில் முதல் தடவையாகக் கண்ணாடி பார்த்தேன். பருக்கள் அமுங்கியிருந்தன. நெற்றி சுத்தம். அதற்கு மேலும் சுத்தம். பின் கழுத்து வரைக்கும் நெற்றிதான்.

ஃபிரிட்ஜ் மேல் டாக்டர் டியூப் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, வாலைச் சுருட்டி வைத்திருந்தது.

வெள்ளகோவில் வாசலில் ஃபிளெக்ஸ் நின்றது. ஆறடியில் நான். புதுப் போட்டோ கிடைக்காததால் புவனா பழையதை அனுப்பியிருக்கிறாள். கல்யாணப் போட்டோ. தலை நிறைய முடி, முகம் நிறையக் குருணை. அதற்குக் கீழே சந்தனம் பூசிய மொட்டையோடு நான் நின்றேன். ஒரு பெரியவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறது உங்க தம்பிங்களா?" என்றார்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஏனென்றால் மோகன்குமாரே வந்து, "மச்சான், மூஞ்சி பளபளன்னு இருக்குதுங்க! என்ன போடறீங்க?" என்று கேட்டுவிட்டான். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த கேள்வி. இலையில் உட்கார்ந்தேன். பத்து நாள் கஞ்சிக்குப் பிறகு முதல் ஜிலேபி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாம்பழக் கலரில் புவனா பக்கத்தில் இருந்தாள். சந்தோஷத்தில் தலையைத் தடவினேன்.

உச்சியில் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. தொட்டால் வலித்தது.

"புவனா, இங்க என்னமோ இருக்குது பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். என் காதில் மட்டும் விழும்படி மெதுவாகச் சொன்னாள். "முத்தாட்டம் இருக்குதுங்க. ஆத்தா மறுபடியும் வந்துட்டாங்க. எந்திரிங்க, ஊட்டுக்குப் போய்க் கஞ்சி வெக்கறேன்."

ஜிலேபி வைக்க வந்த கை, அவள் ஜாடை காட்டியதும் அப்படியே நின்றது.

"முத்து இல்ல!" நான் அலறினேன். "பரு! இது பருதான்! அன்னைக்கு வந்ததும் பருதான்! சத்தியமாப் பருதான் அம்மணி!"

பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. மோகன்குமார் வாயைப் பிளந்து நின்றான். வீடியோக்காரர் நிதானமாகக் கேமராவை என் பக்கம் திருப்பினார்.

புவனா என் இலையில் ஜிலேபியை வாங்கி வைத்தாள்.

"தெரியுமுங்க. ஆத்தாளுக்குந் தெரியும். அந்த மொட்டை அம்மைக்கு இல்லீங்க, பொய்க்கு."