மேட்டுத் தெருவில் சுழல்நாற்காலி

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

என் கம்பெனி வளராததற்கு நீங்கள்தான் காரணம். மற்றபடி இங்கு அனைவரும் நலம். உங்கள் ரத்த அழுத்தமும் நலமாகத்தான் இருக்கும், இதைப் படிக்கும்வரை.

அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி செய்கிறவனுக்கு மேட்டு உச்சியில் ஷெட் கொடுத்தீர்கள். "மேல இருந்தா பேரு தூரத்துக்குத் தெரியும்டா" என்றீர்கள். தெரிகிறது, ஏறித்தான் யாரும் வருவதில்லை. லாரி பாதி மேட்டில் நின்றுவிடும், இரும்புக் குழாயையும் பஞ்சு மூட்டையையும் என்னிடம் வேலை செய்யும் ஏழு பெண்கள் தலையில் சுமந்து ஏறுகிறார்கள். கீழே சமதளத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் குடோனை வேறொரு நாற்காலிக்காரருக்கு விட்டிருக்கிறீர்கள். மட்டமான நாற்காலி, ஆனால் வாசலிலேயே லாரி. மூன்று வருடத்தில் அவர் இரண்டாவது கிளை திறந்துவிட்டார். நான் இரண்டாவது ஃபேன்கூட மாட்டவில்லை. அவர் உழைப்பாளி, நான் சோம்பேறி என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறீர்கள். இடம் செய்கிற வேலைக்கு உழைப்பு என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறீர்கள்.

நேற்று நூறு நாற்காலி வாங்க ஒரு மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்தார். வாசலில் இருந்த நாற்காலியில் "அப்பாடா" என்று சாய்ந்தார், அவ்வளவுதான். நான் "சார், காலை ஊனுங்க!" என்று கத்த, அவர் "எங்கய்யா ஊனுறது?" என்று கத்த, தெருவே வழிவிட, நாற்காலியோடு உருண்டு நேராகப் போய்க் குடோன் வாசலில் நின்றார். அங்கே குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நூறு நாற்காலிக்கு ஆர்டரும் எழுதிக்கொண்டார்கள்.

எனவே அந்தக் குடோனை இந்த மாதமே எனக்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஷெட்டைப் பூட்டுவேன், ஏழு குடும்பங்களின் பாவம் உங்களைச் சும்மா விடாது. பெரியம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அந்தப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன், கைதட்டுவார்கள் என்று. தையல் மெஷினில் இருக்கும் அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: "எங்க வீடு எல்லாம் இந்த மேட்டுல இருக்கு தம்பி. பிள்ளை அழுதா இங்க கேக்குது. அதனாலதான் பாதிச் சம்பளத்துக்கு உங்ககிட்ட வர்றோம். கீழதான் இறங்கணும்னா உங்ககிட்ட ஏன் வரணும்? அந்தக் குடோன்காரருகிட்டயே போயிடுவோம், முழுசாத் தர்றாரு."

பெரியப்பா, குடோன் வேண்டாம். ஷெட்டே போதும். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள்.

அக்கா இன்னும் பக்கத்திலேயே நிற்கிறார். இதையும் எழுதச் சொல்கிறார்: "சரி, மேட்டுலயே இருங்க. முழுச் சம்பளம் எப்பலேர்ந்து?"