மண்டை மரத்த நாளில் நான் உளறியது

மடுல்சீமை,
1914, மாசி 12.

மதிப்புக்குரிய மைத்துனர் ரெங்கசாமி அவர்களுக்கு, உம் அக்காள் புருஷன் வீரய்யா கங்காணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பெரியாயியும் சுகம். என் தலையில் மட்டும் பதினொரு தையல். வெலிமடையில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. இதுவரை எழுதியது வழக்கப்படி. இனி எழுதப்போவதற்குக் கை கூசுகிறது.

எட்டு நாளுக்கு முன் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி ஏசிக்கொண்டு நின்றபோது மரக்கிளை முறிந்து என் மண்டையில் விழுந்தது. எலும்புச் சில்லு ஒன்று உள்ளே அமுங்கிவிட்டது. துரை தன் வண்டியிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் நெஞ்சுச் சளிக்கு மயக்க மருந்து ஆகாதாம். தலைத் தோலை ஊசியால் மரக்கவைத்து, நான் விழித்திருக்கும்போதே எலும்பைத் தூக்குவதாக டாக்டர் சொன்னார். "நான் பக்கத்துல நிக்கிறேன் கங்காணி. பேசிக்கிட்டே இரு, நாக்கு குழறுதான்னு டாக்டர் பாக்கணும்" என்றார் துரை. "எனக்கென்னங்க பயம்" என்றேன் நான்.

முகத்தில் துணியைப் போட்டார்கள். ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் தலை என்னுடையதாக இல்லை. துளி வலி கிடையாது. பலகை அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் தடாலென்று ஏதோ விழுந்தது, என் மண்டை ஓடுதான் என்று நினைத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்து, வேர்த்து ஊற்றி, கைகால் உதறி, வேட்டி நனைந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாடி பிடித்திருந்த யாழ்ப்பாணத்து டிரஸர் வீரசிங்கம், "நோகேல்லை எண்டு சொல்லுறீர், பிறகேன் நாடி இப்பிடி ஓடுது?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னார்: "ஊசி தோலைத்தான் மரக்கப் பண்ணும். மண்டையைத் திறக்கினம் எண்டு உடம்புக்குத் தெரியும். அது பயந்துபோய் எழும்பி நிக்குது." நான் நம்பவில்லை. நம் லயத்து வீடுகளில் சாகக் கிடப்பவர்களுக்குக் காலிலிருந்து மரத்துக்கொண்டு வருமே, எனக்குத் தலையிலிருந்தே தொடங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். மனத்தில் எதையாவது வைத்துக்கொண்டிருந்தால் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்பார்களே, அந்தப் பயத்தில் துரையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"தொரை, கிறிஸ்மஸுக்கு நீங்க வளத்த வான்கோழிய ஒங்க சமையக்காரன் ரெங்கசாமி எடுக்கலைங்க. நாந்தான் புடிச்சேன். அவன் தலையில பழியப் போட்டுட்டேன்."

ஆமாம் மைத்துனரே. பங்களா வேலை போய், மூன்று பிள்ளைகளோடு மழையில் மூட்டை தூக்கிக்கொண்டு நீர் வெலிமடைக்கு நடந்தது என் நாக்கு ருசிக்காகத்தான். உம் அக்காள் பெரியாயி அதைக் காட்டுக்கோழி என்று நம்பித் தின்றாள். பிறகு தம்பி போய்விட்டானே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவன் நான். நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

துரை பதிலே பேசவில்லை. கோபம் என்று பயந்து, இறகைப் புதைத்த இடம் முதல் குழம்பில் மிளகு கூடிப்போனது வரை சொன்னேன். "போதும் காணும், நாக்கு நல்லாய்த்தான் இருக்கு" என்றார் டிரஸர். ஆகவே உண்மை துரை காதில் ஏறிவிட்டது. சீக்கிரம் உம்மைத் திரும்பக் கூப்பிடுவார். என்னை என்ன செய்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பிள்ளைகள் நீடூழி வாழட்டும். இனியும் என்னை மாமா என்று கூப்பிடுவார்களானால் அதுவே பெரிது.

உம் முகத்தில் விழிக்க முகமில்லாத,
வீரய்யா.

பின்குறிப்பு: தபாலில் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். இன்று தையல் பிரிக்கப் போனபோது டிரஸர் சொல்கிறார், எலும்பை அறுக்கத் தொடங்கியதுமே துரை தடாலென்று மயங்கி விழுந்து, அவரை வெளியே தூக்கிப்போய்விட்டார்களாம். நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவர் கேட்கவில்லை. உம்மை யாரும் கூப்பிடப்போவதில்லை. வரும் வழியில் பங்களாவுக்குப் போனேன். "தலை எப்பிடி கங்காணி?" என்று அன்பாகக் கேட்டார். "நல்லாயிருக்குங்க" என்று மட்டும் சொல்லி, மற்றதைச் சொல்லத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன். ஆகையால் கோபத்தில் இதைக் கிழித்துவிடாமல் துரை பங்களாவுக்கு எடுத்துக்கொண்டு வாரும். துரை தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். நீரே உரக்க வாசியும். நான் ஓடிப்போகாதபடி கையைப் பிடித்துக்கொள்ளப் பெரியாயியைக் கேட்டிருக்கிறேன். எதற்கென்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.