சம்பந்தி எப்போது போவார்?

புதுச்சத்திரம்,
ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள்.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா மணியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும், எருமைகள் இரண்டும், உன் மாமனாரும் அவரவர் அளவில் நன்றாக இருக்கிறோம். டென்மார்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி நித்யஸ்ரீயும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் போதும், உன் மாமனார் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்துவிடுகிறார். அவருக்குத் தமிழ் தெரியாதுதான். அதற்காக ஒரு மனுசனைப் பற்றி அவர் எதிரிலேயே பேசுகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. சரி, அவர் தூங்கும்போது பேசலாம் என்றால் அப்போது உனக்கு மீட்டிங். விஷயம் அவருடைய விசா. சுருக்கமாகச் சொன்னால், இந்தத் தடவை நீட்டித்துக் கொடுக்கவில்லை, தை பிறப்பதற்குள் சம்பந்தி ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். இனி நீளமாகச் சொல்கிறேன்.

மாசியில் நித்யஸ்ரீ காதுகுத்துக்கு எல்லோரும் வந்துவிட்டு, லீவு முடிந்து நீங்கள் கிளம்பியபோது, இன்னும் இரண்டு வாரம் இருந்து லாரி பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் தங்கினார் அல்லவா, அன்றைக்கே நான் ஒரு வார்த்தை வேண்டாம் என்றிருந்தால் இவ்வளவும் இல்லை. அங்கே டென்மார்க்கில் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர், நான் இங்கே ஓட்டியவன், என்னால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும். நம் பன்னிரண்டு சக்கர வண்டியின் கேபினில் ஏறி உட்கார்ந்து, ஆரன் அடித்துப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தவர், இறங்கும்போது அவர் ஊர் லாரிக்குப் படி இருக்கிற இடத்தில் காலை வைத்தார். நம்மூர் லாரிக்கு அந்த இடத்தில் படி கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து, சேலத்தில் ஆபரேஷன் செய்து, மருத்துவக் காரணம் காட்டி முதல் தடவை நீட்டிப்பு வாங்கியதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. உனக்குத் தெரியாதது இரண்டாம் தடவை நடந்த கூத்து.

முதலில் போட்டோ. பின்னால் வெள்ளைத் திரை இருக்க வேண்டும் என்பது சட்டமாம். சம்பந்திக்குத் தலை வெள்ளை, புருவம் வெள்ளை, ஆளே வெள்ளை, உன் அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையும் வெள்ளை. படத்தில் கண் இரண்டும் மூக்குத் துவாரம் இரண்டும் மட்டும் காற்றில் நின்றன. முகம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராசிபுரம் ஸ்டுடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை வருசமா வர்றவங்க எல்லாரையும் வெளுக்க வெச்சே பழகிட்டனுங்க, இவரைக் கறுக்க வைக்கறது எப்படீன்னு தெரியலீங்களே" என்றார். இருந்தாலும் விடவில்லை, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முடிக்கு மை பூசி, கன்னத்தில் மாநிறம் ஏற்றி, பெண் பார்க்க அனுப்புகிற மாப்பிள்ளை போட்டோ மாதிரி ஒன்றைக் கொடுத்தார். பாஸ்போர்ட்டில் இருப்பவர் வேறு, படத்தில் இருப்பவர் வேறு என்று அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் என்னுடைய காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டு, வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, முகம் சிவந்ததும் உள்ளே தள்ளிக்கொண்டு போய் எடுத்தோம். அது தேறியது.

அடுத்தது டாக்டர் சர்ட்டிபிகேட். பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார அந்த இடுப்பு இன்னும் தாங்காது, அதை எழுதி வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதில் உன் அம்மா முத்தாயம்மாள் செய்த உபகாரத்தைக் கேள். யாராவது நல்லாருக்கீங்களா என்று கேட்டால் உயிர் போகிற நேரமானாலும் "நல்லாருக்கறனுங்க" என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவருக்கு மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் டாக்டர் அன்றைக்கு லீவு. அவருக்குப் பதிலாக இருந்த புது டாக்டர், வெள்ளைக்காரரிடம் தமிழில் பேசிப் பார்க்கிற ஆசையில், "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லாருக்கறனுங்க" என்றார். வலி உண்டா என்று கேட்டதற்கும் அதே பதில். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நான் சொல்வதற்குள் டாக்டர் எழுதி முடித்துவிட்டார். நோயாளி நலமாக உள்ளார், பயணம் செய்யலாம்.

இதுவாவது போகட்டும். விசா விசாரணைக்குப் போலீஸ் ஏட்டம்மா அறிவுச்செல்வி வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பொண்ணு, மோர் கொடுத்தால் வாங்கிக் குடித்தது. குடித்துவிட்டு, "ஏனுங்கய்யா, இவரு எப்பங்க ஊருக்குப் போவாரு?" என்று கேட்டது. சம்பந்தி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒறம்பரையாக விருந்துக்கு வந்தவரை வைத்துக்கொண்டு, அதிலும் பெண்ணைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தியை வைத்துக்கொண்டு, இன்ன மாதம் போவார் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? "போறதாவுது. இது அவரு ஊடுங்க. அவரு இருக்கற வரைக்கும் இங்கதானுங்க இருப்பாரு" என்றேன். ஏட்டம்மா எழுதிக்கொண்டது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவைக் கேட்டால், அவள் என்னை மிஞ்சினாள். "அவரு எங்கூரு ஆளுங்க. மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி கட்டியாச்சு" என்றாள். அதுவும் உண்மைதான். வரி கொடுத்த குடும்பத்துக்குத்தான் ஊரில் பங்கு. வீட்டில் ஒரு பெரிய மனுசன் இருக்கும்போது அவரை விட்டுவிட்டு நான் மட்டும் கட்டுவது முறையில்லை என்று அவர் பேருக்குத் தனித் தலைக்கட்டாகவே கட்டியிருந்தேன். ஏட்டம்மா அதையும் எழுதிக்கொண்டது. வைத்தியத்துக்குத் தங்கியவரா, குடியேறியவரா என்று கேட்டு, நேரில் வரச் சொல்லி விசா ஆபீசிலிருந்து தாக்கீது வந்தது.

வாடகைக் கார் பிடித்துப் போனோம். அதிகாரி தங்கமான மனிதர், அவரைக் குறை சொன்னால் எனக்குப் பாவம் வரும். எனக்கும் நாற்காலி போடச் சொன்னார். "பெரியவரே, வைத்தியம் முடிஞ்சதும் போயிடுவாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்த மாசம்னு சொன்னாப் போதும், மேல அனுப்பிடறேன்" என்றார்.

"அவரை முன்னாடி உக்கார வெச்சுட்டு எப்படிங்க சொல்றது?"

"அவருக்குத்தான் தமிழ் தெரியாதே?"

"எனக்குத் தெரியுமுங்களே."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு நம்ம பெரியவங்களே சொல்லியிருக்காங்க" என்றார். "மருந்து ஆறு மாசத்துக்கு மேல நடக்குதுங்க, விருந்தை மட்டும் எப்படிங்க நிறுத்தறது?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உன் மாமனார் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். அங்கேதான் அம்மிணி, என் நெஞ்சில் அடி விழுந்தது. உன் மாமனார் என்னை ஒரு தரம் பார்த்தார், என் காலை ஒரு தரம் பார்த்தார், எப்போது சொன்னாலும் கிளம்பிவிடுகிறேன், இவர்களுக்குக் கொடுத்த சிரமம் போதும் என்றார். எனக்குத் தெரிந்த லாரிக்கார இங்கிலீஷ் அதைப் புரிந்துகொள்ளப் போதுமாக இருந்தது. டாக்டர் போகலாம் என்கிறார், வந்தவர் போகிறேன் என்கிறார், வைத்திருப்பவர் ஆயுசுக்கும் விடமாட்டேன் என்கிறார், இதில் நான் எதை நம்பி நீட்டிப்புக் கொடுப்பது என்று அதிகாரி கேட்டார். கேள்வி நியாயந்தானே. தை வரைக்கும் மட்டும் தவணை கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் ஆண்டகளூர் கேட் டீக்கடையில் நிறுத்தினோம். அவர் போனில் ஒரு பொம்பளைக் குரல் இருக்கிறது. நான் தமிழில் சொன்னால் அவர் பாஷையில் சொல்லும், அவர் சொன்னால் ரேடியோச் செய்தி மாதிரி சுத்தத் தமிழில் சொல்லும். அதை வாங்கி, "ஏனுங்க சம்பந்தி, எங்க ஊட்டுல என்னங்க குறை கண்டீங்க?" என்று கேட்டேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். போன் சொன்னது: "குறை ஒன்றும் இல்லை. நீங்கள் என் நாற்காலியைத் தள்ளும்போது உங்கள் முழங்கால் சத்தம் போடுகிறது. அதை நான் தினமும் கேட்கிறேன்."

நான் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் புரை ஏறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகவே, தை பிறக்கும் முன்னால் ஒரு நாளைப் பார்த்து அவருக்கு டிக்கெட் போட்டுவிடு. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. வந்தவர் என்றைக்காவது போகத்தானே வேண்டும். மூன்றாம் மாடியில் லிப்ட் இல்லாத வீடு அவருடையது என்பதாலும், நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதாலும், அங்கே முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. நித்யஸ்ரீயின் படத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து இப்போதே பெட்டியில் வைத்துவிட்டார். உன் வீட்டு விஷயத்தில் நான் தலையிடக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிற வரைக்குமாவது அவரை உன் வீட்டில் வைத்துக்கொள்ளப் பார் சாமி. காலையில் ராகிக் கூழ் குடிப்பார், பச்சை வெங்காயம் கடித்துக்கொள்ள வேண்டும். ரசத்தை டம்ளரில் கொடு. வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதே, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்.

நான் வழியனுப்ப விமான நிலையம் வரைக்கும்கூட வரமாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் முழங்கால் வலி, எருமைக்குத் தீவனம் போட ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் மாற்றமில்லை. தரையை விட்டு மேலே போகிற வண்டியில் மணியன் ஏறமாட்டான் என்று ஊருக்கே தெரியும். இதற்கு மேல் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். பேத்தியின் காதில் தோடு இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் வைத்துத் திருகு. நீங்கள் மூவரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா,
மணியன்.

பின்குறிப்பு, நாலு நாள் கழித்து: அன்றைக்குக் கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "எருமையை நான் பாத்துக்கறனுங்க. நீங்க சம்பந்தியப் பாத்துக்குங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். விமானக் கம்பெனியில் விசாரித்தால் அவர்களும் துணைக்கு ஆள் வேண்டும் என்கிறார்கள். ஆகையால் டிக்கெட்டை இரண்டாகப் போடு. அவர் நடக்கிற வரைக்கும் உன் வீட்டிலேயே இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், இல்லத்தில் சொல்லி வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடு. ராசிபுரம் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது. வெள்ளைத் திரைக்கு நான் பளிச்சென்று விழுந்ததில் ஸ்டுடியோக்காரருக்குப் பரம சந்தோஷம். என் விசாவுக்கு அங்கேயும், கூப்பிடுகிறவர்களிடம் இவர் எப்போது திரும்பிப் போவார் என்று கேட்பார்களாமே? நேற்று சம்பந்தியிடம், அப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். போன் சொன்னது: "அது அவருடைய வீடு. எப்போது போவார் என்று கேட்பது மரியாதை அல்ல." ஆகவே அம்மிணி, அங்கே எந்த ஆபீசுக்குப் போனாலும் நீ மட்டும் போ. உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போகாதே.