மேட்டு மண்டலமா, பள்ளத்து மண்டலமா?

ஒரு காட்டில் கபடிக்கென்று இரண்டு மண்டலங்கள் இருந்தன. மலைச்சரிவில் வாழும் யானை, காட்டெருமை, கரடி வகையறாக்கள் மேட்டு மண்டலம். ஓடைப் பக்கத்துக் கீரி, முயல், முள்ளம்பன்றி வகையறாக்கள் பள்ளத்து மண்டலம். அவரவர் மண்டலத்துக்குள்தான் ஆட்டம். எந்த மண்டலம் பலமானது என்பதை மட்டும் யாரும் ஆடிப் பார்த்ததில்லை, வாயாலேயே தீர்த்துக்கொண்டார்கள். மரத்துக்கு மரம் இதே பேச்சு. குரங்குகளுக்கு வேறென்ன வேலை?

கோடை வந்தால் ஓடை வற்றிவிடும், பேச்சு இன்னும் சூடுபிடிக்கும். கோப்பையைக் கையில் வைத்திருக்கும் யானை அணியோடு இறுதிப் போட்டியில் மோத, தேர்வுக் குழு ஒரே ஓர் அணியைப் பொறுக்கும். அந்த அணி ஜெயித்தாலும் தோற்றாலும் கோடை முழுக்கக் குடும்பத்தோடு மடுவில் தண்ணீர் குடிக்கலாம். மற்றவர்கள் ஆறு மைல் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும்.

கீரி அணித் தலைவன் செவலை அந்த ஆண்டு ஆடிய எட்டு ஆட்டத்திலும் ஜெயித்திருந்தான். அவன் மனைவி அப்போதுதான் மூன்று குட்டி போட்டிருந்தாள். ஆறு மைல் தாங்குகிற குட்டிகள் இல்லை அவை. "இந்தத் தடவை மடு நமக்குத்தான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்து, விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றான்.

தேர்வுக் குழு அலுவலக ஜன்னலில் ஆமை உட்கார்ந்திருந்தது. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"பதினொண்ணாவது கட்டம் காலியா இருக்கே சார். 'யாரிடம் தோற்றீர்கள்?'"

"யார்கிட்டயும் தோக்கலைங்க."

"அப்புறம் உங்க பலத்தை எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? கரடி அணியைப் பாருங்க. எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி. எல்லாம் யானை, காட்டெருமைன்னு பெரிய இடத்துத் தோல்வி. நீங்க யாரை ஜெயிச்சீங்க? முயலை. அதுவும் ரெண்டு தடவை."

"அப்போ கரடியோட எங்களை ஒரு ஆட்டம் ஆட விடுங்க. தெரிஞ்சுடும்ல?"

"ஆடிப் பார்த்தே முடிவு பண்ணலாம்னா குழு எதுக்கு சார்?" என்று கேட்ட ஆமை, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

செவலை விடவில்லை. குழுத் தலைவரான ஓணானிடமே போனான். யார் எதைச் சொன்னாலும் ஓணான் தலையாட்டும். அந்தத் தகுதிக்காகத்தான் அதைத் தலைவராக வைத்திருந்தார்கள். கீரி சொன்னதற்கும் ஆட்டியது. ஆட்டம் உறுதியாயிற்று.

கரடிகளுக்குக் குனிந்து பிடிக்க வரவில்லை. செவலை பாடிக்கொண்டு போவான், நாலு கரடியைத் தொடுவான், கால்களுக்கு நடுவே புகுந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவான். முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு என்று ஆட்டம் முடிந்தது.

"நல்லாத்தான் ஆடினே தம்பி" என்றது கரடித் தலைவர், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. "எங்க மண்டலத்துல வந்து ஆடியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மறுநாள் குழு மூன்று மணி நேரம் கூடியது. ஆமை புற்றின் மேல் ஏறி முடிவை வாசித்தது. ஏறுவதற்கு இன்னொரு மணி நேரம் ஆனது.

"கரடியைக் கீரி வென்றுவிட்டதால், பள்ளத்து மண்டலமே பலமான மண்டலம் என்று குழு ஒருமனதாக ஏற்கிறது."

செவலை துள்ளிக் குதித்தான்.

"எனவே, இத்தனை பலசாலியான கீரியிடம் தோற்பது பெருமைக்குரிய தோல்வியாகும். கரடி அப்படி ஒருமுறைதான் தோற்றது. முயல் இருமுறை தோற்றுள்ளது. ஆகவே இறுதிப் போட்டிக்கு முயல் அணி தேர்வு செய்யப்படுகிறது."

ஓணான் தலையாட்டியது.

"அப்போ நாங்க?" என்றான் செவலை.

"உங்க பதினொண்ணாவது கட்டம் இன்னும் காலியாத்தானே சார் இருக்கு? சாயந்திரம் வரைக்கும் மேல்முறையீடு வாங்குறோம். அதுக்குள்ள நல்ல அணியாப் பார்த்து ஒரு தடவை தோத்துட்டு வாங்க, பரிசீலிக்கலாம்."

செவலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குட்டிகளின் காய்ந்த வாய் கண்முன் நின்றதே! மானம் பார்த்தால் ஆகாது என்று நேரே மடுவுக்கு ஓடினான். முயல் அணித் தலைவர் அங்கே முன்காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தது. முந்தாநாள் வரை செவலையை 'அண்ணே' என்று கூப்பிட்ட முயல்தான்.

"ஒரே ஒரு ஆட்டம்" என்று கெஞ்சினான் செவலை. "நாங்களே தோத்துடறோம். நீங்க சும்மா வந்து நின்னாப் போதும்."

முயல் மீசையில் ஒட்டிய தண்ணீரை நிதானமாகத் துடைத்தது.

"மன்னிக்கணும் தம்பி. தோத்துத் தோத்து இந்த நிலைமைக்கு வந்திருக்கோம். இப்பப் போய் ஜெயிச்சுத் தொலைச்சா எங்க மதிப்பு என்ன ஆகுறது?"

அன்று பொழுது சாய்வதற்குள் செவலையும் அவன் மனைவியும் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

நீதி: தோற்பதென்றால் ஆள் பார்த்துத் தோற்றுக்கொள்ளவும். ஜெயித்தவர்களின் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட மாட்டா.