திருப்பி வைத்த குடை

கொற்றவனூர் என்று ஒரு நாடு இருந்தது. அங்கே சட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது, அரிசிக்குத்தான் பஞ்சம்.

அந்த நாட்டில் வேம்பன் என்று ஒருவன். வயது முப்பத்திரண்டு. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைந்தவன். சட்டைப் பித்தானைக்கூட அக்கா காத்தாயிதான் போட்டுவிட வேண்டும். ஒரு மழை நாளில் களஞ்சிய மந்திரி வீட்டுச் சன்னல் வழியாக இறங்கி, மூலையில் இருந்த குடையை எடுத்துப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அக்கா திட்டினாள். மறுநாள் அதே சன்னல் வழியாகப் போய்க் குடையை எடுத்த இடத்திலேயே வைத்தான். அப்போதுதான் பிடிபட்டான்.

வீடு புகுந்தது இரண்டு தடவை. ஆகவே ஏழும் ஏழும் பதினான்கு வருடம் சிறை. எடுக்கப் புகுவதற்கும் வைக்கப் புகுவதற்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லையாம். கையோடு, நாட்டிலுள்ள வீட்டுச் சன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைக்கும்படி அரசாணை வந்தது. குடிமக்கள் அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே அரசரை வாழ்த்தினார்கள்.

காத்தாயி மேல்முறையீடு செய்தாள். செய்தது இன்னதென்று விளங்காதவனைத் தண்டிக்கக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. தலைமை நீதிபதி அதைத் தூசி தட்டிப் படித்து நெகிழ்ந்துபோனார். இவ்வளவு கருணையான சட்டத்தை ஒரே ஆளுக்குப் பயன்படுத்துவது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. களஞ்சியத்து அரிசி மொத்தமும் காணாமல்போன வழக்கில் களஞ்சிய மந்திரியும் நான்கு அதிகாரிகளும் இதற்குள் அதே சிறைக்கு வந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் சிறையிலேயே ஒரே நாளில் புத்திப் பரிசோதனை நடந்தது. கேள்வி ஒன்றுதான்.

“நீர் எடுத்தது பிறர் பொருள் என்று உமக்குத் தெரியுமா?”

மந்திரி கண்ணை மூடி யோசித்தார். “அரிசி என்றால் என்னவென்றே எனக்கு விளங்கவில்லை, பிரபு,” என்றார். அதிகாரிகளில் ஒருவர் தம் பெயரையே மறந்துபோனார். நீதிபதி உச்சுக்கொட்டினார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்தாயி தம்பிக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“தெரியும்,” என்றான் வேம்பன். “அது அவரு குடை. எடுத்தது தப்புன்னு அக்கா திட்டுச்சு. அதான் வெச்சிட்டேன்.”

இவ்வளவு தெளிவான பதிலை அந்த நீதிபதி தம் காலத்தில் கேட்டதே இல்லை. விளக்கமுள்ளவன் என்று எழுதி, பதினான்கு வருடத்தை உறுதி செய்தார். விளக்கமில்லாத ஐவரும் விடுதலையானார்கள். அவர்களுக்கு எதுவுமே தெரியாது என்று நீதிமன்றமே சான்று கொடுத்துவிட்டதால், அரசர் அன்றே பழைய பதவிகளைத் திருப்பிக் கொடுத்தார்.

காத்தாயி கம்பிக்கு வெளியே நின்று, தம்பி மாற்றிப் போட்டிருந்த பித்தான்களைச் சரிசெய்தாள். வழக்கு முடிந்துவிட்டதால் இனி அவளைச் சிறைக்குள் விடமாட்டார்கள். நாளையிலிருந்து இதை யார் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாட்டில் அடைக்காமல் விட்டிருந்தது சிறைச் சன்னல் ஒன்றுதான். வேம்பன் அதன் வழியே எட்டிப் பார்த்தான். பல்லக்கு வந்து சேராமல், மந்திரி சிறை வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

“அக்கா, அவரு நனையிறாரு பாரு,” என்றான். “அவரு குடைய அவருகிட்ட குடுத்துரச் சொல்லு.”