மீசைக்கார கர்னலும் கெளுத்தி மீன் டீமும்

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். சம்பந்தியை பேஸ்பால் மேட்ச்சுக்குக் கூட்டிப் போய், சிரித்த முகத்தோடு திருப்பிக் கொண்டு வர வேண்டும்.

சுலபமான வேலை. சம்பந்தியைத் தெரியாதவர்களுக்கு.

சம்பந்தி சென்னியப்பன் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் சார்பதிவாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதைப் பார்த்தாலும் அதன் பூர்வீகத்தைக் கேட்பார். அமெரிக்காவில் ஆலன் என்ற இந்த ஊருக்கு வந்ததில் இருந்து தன் மகனை, அதாவது என் மாப்பிள்ளையை, அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸாம். லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்குவதே இல்லை. சனிக்கிழமை காலை சம்பந்தி தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஊருக்கு டிக்கெட்டை மாத்திப் போடப்பா. நாங்க கெளம்பறோம்."

என் மகள் வித்யா என்னை லாண்டரி ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, மாமா கிளம்பினா அத்தையும் கிளம்பிடுவாங்க. அடுத்த வாரம் நான் வேலையில திரும்ப ஜாயின் பண்ணணும். டேகேர்ல இன்னும் வெயிட்டிங் லிஸ்ட். பாப்பாவை யாருப்பா பாத்துக்குவா?"

"நான் இருக்கேனே!"

ஒரு பார்வை பார்த்தாள். நான் டயபரை முன்பின்னாக மாட்டிவிட்டதை மறக்காத பார்வை.

"நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. நாளைக்கு மேட்ச்சுக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். மாமாவை சந்தோஷமா வெச்சுக்கோ. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லு. ஆனா கதை விடாதே!"

கடைசி இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேஸ்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பந்து வெள்ளையாக இருக்கும் என்பது மட்டும்தான். அதற்காகத் "தெரியாது" என்று சொல்லிவிட முடியுமா? பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியிடம் அந்த வார்த்தையைச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் சுத்தமாகத் தீர்ந்து போனால்கூட "இதோ வருதுங்க" என்றுதான் சொல்வோம்.

டீமின் பெயர் ஆலன் கேட்ஃபிஷ். அதாவது கெளுத்தி மீன். வாசலிலேயே டீமின் வரலாறு என்று ஒரு பெரிய போர்டு வைத்திருந்தார்கள். நான்தான் பாப்கார்ன் வாசனையில் அதைத் தாண்டி வந்துவிட்டேன்.

சீட்டில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக சம்பந்தி ஆரம்பித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இந்த ஊர்ல ஒரு வாய்க்காலக்கூட நான் பாக்கலீங்க. மீன் பேரு எப்படிங்க வந்துச்சு?"

அவரைத் திரும்பிப் பார்த்தேன். கன்னத்தைத் தாண்டிப் போகும் அவருடைய மீசை கண்ணில் பட்டது. அவ்வளவுதான். கதை தானாக வாய்க்கு வந்துவிட்டது.

"அது மீன் இல்லீங்க சம்பந்தி, மீசை!"

"மீசைங்களா?"

"டீமை ஆரம்பிச்சவர் ஒரு கர்னல். பார்த்தலோமியுன்னு பேரு. டீம் ஜெயிக்கற வரைக்கும் மீசையில கத்தரி வைக்க மாட்டேன்னு சபதம் போட்டுட்டார். டீம் தோத்துக்கிட்டே இருந்துச்சு. மீசை வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசியில ரெண்டு பக்கமும் இடுப்பு வரைக்கும் தொங்க ஆரம்பிச்சிடுச்சு. பாத்தவங்க எல்லாம் கெளுத்தி, கெளுத்தின்னு கூப்பிட்டாங்க. பேர் அப்படியே நின்னு போச்சு."

சம்பந்தி தன் மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார். "அவரு ஆம்பளைங்க!" என்றார்.

அமெரிக்கா வந்த பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"இவங்கல்லாம் ஏனுங்க எந்நேரமும் எதையோ துப்பிக்கிட்டே இருக்கறாங்க?"

"சூரியகாந்தி விதைங்க. ஒரு வருஷம் கடும் பஞ்சம். கிரவுண்டுல புல்லே முளைக்கலை. கர்னல் ஆளுக்கு ஒரு படி விதையைக் குடுத்து, விளையாடிக்கிட்டே விதைங்கடான்னுட்டார். அதுல இருந்து துப்பறது சம்பிரதாயமாயிடுச்சு."

"மொளச்சுதுங்களா?"

"ஆள் உயரத்துக்கு! பந்து உள்ளே போனா தேடி எடுக்கவே சாயந்திரம் ஆயிடும். அதனாலதான் இந்த ஆட்டம் இவ்வளவு மெதுவா நடக்குது."

தலையை ஆட்டினார். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

"செவுத்துல ஒரு சட்டைய மட்டும் மாட்டி வெச்சிருக்கறாங்களே?"

"கர்னல் சட்டைங்க. அவருக்கு அப்புறம் அந்த அளவுக்கு யாருக்கும் உடம்பு வரலை."

"மூஞ்சிக்குக் கூண்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் குந்தியே இருக்கறாருங்களே?"

"அவர் கர்னலோட மாப்பிள்ளை வம்சம். மாமனார் தொடங்கின கிரவுண்டுல நிமிர்ந்து நிக்கறதில்லை."

"மரியாதை தெரிஞ்ச குடும்பமுங்க," என்றார் சம்பந்தி. நான் கொஞ்சம் பாப்கார்ன் எடுத்துக்கொண்டேன். வாழ்க்கை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப் போன காலை உதறிவிட்டு, எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவது இங்கே வழக்கமாம். எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"ஏனுங்க எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க?"

"கர்னல் ஏழாவது இன்னிங்ஸ்லதான் உயிரை விட்டாருங்க. ஜெயிக்க ஒரே ஒரு ரன் பாக்கி!"

சொல்லி முடித்ததுமே தப்பு என்று தெரிந்தது. சம்பந்தி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டார். சுற்றிலும் எல்லாரும் தோளில் கை போட்டு ஆடிப் பாட, நடுவில் இவர் மட்டும் இரங்கல் கூட்டம் நடத்துகிறார்.

முன்வரிசையில் நாச்சோஸ் தட்டோடு நின்றிருந்த அமெரிக்கப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். "இஸ் ஹி ஓகே?"

நான் வாயைத் திறப்பதற்குள், சம்பந்தி கண்ணைத் திறக்காமலே ஆபீஸ் இங்கிலீஷில் சொன்னார்: "மேடம், டூ மினிட்ஸ் சைலன்ஸ் ஃபார் தி கர்னல்."

அந்த அம்மாள் நாச்சோஸைக் கீழே வைத்தாள். புருஷன் தலையில் இருந்த தொப்பியைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தான். அந்த வரிசை அமைதியானது. அதற்கு முன்வரிசை. அதற்கும் முன்வரிசை. ஸ்டேடியமே பாடிக்கொண்டிருக்க, எங்கள் பகுதி மட்டும் துக்க வீடு!

கேமராக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? பெரிய ஸ்கிரீனில் சம்பந்தியின் மீசை, பஸ் நீளத்துக்கு.

அடுத்த நிமிஷம் கெளுத்தி மீன் வேஷம் போட்ட ஒருவன் படியேறி ஓடி வந்தான். கூடவே மைக்கோடு ஒரு இளம்பெண். மீனுக்கு மீசை ரொம்பப் பிடித்துவிட்டது. சம்பந்தியை அப்படியே கட்டிக்கொண்டது.

"ட்ரிவியா டைம்!" என்று அந்தப் பெண் கத்தினாள். சரியான பதில் சொன்னால் சீசன் முடியும் வரை இரண்டு பேருக்கு இலவச பாஸ். கேள்வி: இந்த டீமுக்கு கேட்ஃபிஷ் என்று ஏன் பெயர் வந்தது?

உலகத்தில் எத்தனை கேள்வி இருக்கிறது!

நான் நாச்சோஸ் அம்மாளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். சம்பந்தி மைக்கைக் கையில் வாங்கினார். கர்னல், சபதம், இடுப்பு வரை மீசை, பஞ்சம், விதை, மாப்பிள்ளை வம்சம், அகால மரணம். ஒன்றையும் விடவில்லை. பத்திரம் படிப்பது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

கெளுத்தி மீன் தலையைச் சொறிந்தது.

அந்தப் பெண் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். சம்பந்தியைப் பார்த்தாள். டீமை முதலில் வாங்கியவர் கெளுத்தி மீன் பண்ணை வைத்திருந்தாராம். அதனால்தான் அந்தப் பெயராம். இங்கிலீஷில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

சம்பந்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

முடிந்தது. டிக்கெட் மாறப்போகிறது. வித்யா வேலைக்குப் போன மாதிரிதான். மருமகளின் அப்பன் ஒரு புளுகன் என்று கோபி வரை பேசப் போகிறார்கள்.

அவர் மைக்கை மறுபடியும் வாயருகே கொண்டுபோனார்.

"திஸ் இன்ஃபர்மேஷன் இஸ் ஃப்ரம் மை சம்பந்தி. ஹிஸ் டாட்டர், மை சன். ஹி வில் நாட் டெல் ராங். யுவர் கார்டு இஸ் ராங்!"

முதலில் கை தட்டியது நாச்சோஸ் அம்மாள். அப்புறம் எங்கள் பகுதி. அப்புறம் எதிர்ப்பக்கம். "மஸ்டாஷ்! மஸ்டாஷ்!" என்று ஒரே கூச்சல். மீன் மண்டியிட்டு சம்பந்தியைக் கும்பிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாஸை அவர் சட்டைப் பையில் செருகினாள்.

மேட்ச் முடிந்து பார்க்கிங்கில் வித்யாவுக்காகக் காத்திருந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"சம்பந்தி, அந்தக் கர்னல் விஷயம்..."

"உடுங்க. இடுப்பு வரைக்கும் மீசைன்னு சொன்னப்பவே தெரியுமுங்க. எத்தன போலிப் பத்திரம் பாத்த கண்ணுங்க இது!"

"அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னாடி..."

"சம்பந்தியப் போயி ஊருக்கு முன்னால உட்டுக் குடுக்க முடியுங்களா?" தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார். "வந்ததுல இருந்து என்ன கேட்டாலும் 'கூகுள் பண்ணிக்கங்கப்பா'ன்னே சொல்றானுங்க பையன். நீங்க ஒருத்தர்தான் மூஞ்சியப் பாத்துப் பதில் சொன்னீங்க. பொய்யா இருந்தா என்னங்க?"

கார் வந்தது. வித்யா கண்ணாடியை இறக்கி, பயந்துகொண்டே கேட்டாள். "மாமா, எப்படி இருந்துச்சு?"

"டிக்கெட்டெல்லாம் மாத்த வேண்டாம் கண்ணு. சீசன் முடியற வரைக்கும் நாங்க இங்கதான்."

அவள் முகத்தில் சந்தோஷம் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. "அப்பா, கதை ஏதாவது விட்டியா?"

"சேச்சே!"

சம்பந்தி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். "வியாழக்கிழமை ஹூஸ்டன் பக்கமிருந்து வேற டீம் வருதுங்களாம். அவங்க பூர்வீகத்தையும் கொஞ்சம் தயார் பண்ணி வெச்சிருங்க. இதவிடக் கொஞ்சம் பெருசா."

விசிட்டர் விசாவில் வந்தவன் வேலை பார்க்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். வாரத்தில் மூன்று மேட்ச்சாம்; கதை விடும் வேலையில் எனக்கு மூன்று ஷிஃப்ட்.