ராஜாவின் மூக்கு

கல் ராஜாவின் மூக்கு சிப்ரியானோவின் கையோடு வந்துவிட்டது.

அவர் ஒன்றும் இழுக்கவில்லை. மூக்கோரத்துப் பாசியை நகத்தால் சுரண்டினார், அவ்வளவுதான். அதற்கே ராஜா மூக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"என்ன காரியம் பண்ணினீங்க அத்தான்?" என்றாள் ரெமிகியா. செத்துப்போன அவர் மனைவி எர்லிந்தாவின் தங்கை. பஸ் பிடித்து, வாசலில் டிக்கெட் வாங்கி, பெத்தேன் காட்டுக்குள் இருக்கிற இந்தப் பழங்காலச் சிலை வரைக்கும் அவரோடு வந்தவள். "சும்மா பார்த்துட்டுப் போயிரலாம்னுதானே சொன்னீங்க?"

சிப்ரியானோ மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிசின் இல்லை. ரேகையும் இல்லை. வெள்ளையாக மாவுதான் உதிர்ந்தது.

அந்தக் காலத்தில் இங்கே டிக்கெட்டும் கிடையாது, பாதையும் கிடையாது. சப்போட்டா மரத்தைக் கீறிப் பால் இறக்கி, சூயிங்கத்துக்குப் பிசின் காய்ச்சுகிற கூட்டத்தில் அவரும் ஒருத்தர். எர்லிந்தா அந்த முகாமுக்குச் சோளரொட்டி சுட வந்தவள். ஒருநாள் இந்தச் சிலையில் கட்டிய கோவேறு கழுதை இழுத்த இழுப்பில் மூக்கு விழுந்தது. "மூக்கில்லாம ராஜா எப்படி மூச்சு விடுவாரு?" என்று சொல்லி, அடுப்பிலிருந்த பிசினை எடுத்து அவளே ஒட்டினாள். ஓரத்தில் வழிந்ததைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரேகை அப்படியே பதிந்தது, விரலும் சுட்டுவிட்டது. அந்த விரலை ஊதிவிடப் போனவர்தான் சிப்ரியானோ. மறுமழைக்குள் கல்யாணம்.

வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. அந்த ரேகை மேல் தன் விரலை ஒருமுறை வைத்துப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார்.

"மழை தின்னுருச்சு போல," என்றார்.

"மழையை அப்புறம் திட்டலாம். ஆள் வர்ற சத்தம் கேக்குது. முதல்ல மூக்கை மாட்டுங்க."

ரெமிகியா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். தமால் கொழுக்கட்டையிலிருந்து சோளமாவைக் கிள்ளி அப்பினாள். மூக்கு நின்றது.

"எங்கக்காவுக்கு மட்டுந்தான் ஒட்டத் தெரியுமாக்கும்?"

சொல்லி வாய் மூடவில்லை, மாவு வாசனைக்குப் புதரிலிருந்து கீரி மாதிரி ஒரு பிசோத்தே வந்தது. வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு ராஜாவின் தோளில் ஏறி, தன் நீள மூக்கை விட்டு மாவை நக்கித் தின்றது. மூக்கு மறுபடி விழுந்தது. இந்தத் தடவை நுனி வேறு உடைந்தது.

"உனக்கே இம்புட்டு மூக்கு இருக்கு, அவரு மூக்கு எதுக்குடி?" என்று ரெமிகியா ஒரு கல்லை விட்டெறிந்தாள். அது ராஜாவின் காதில் பட்டது. நல்லவேளை, காது தாங்கியது.

அதற்குள் மஞ்சள் தொப்பி போட்ட வெளிநாட்டுப் பெண் ஒருத்தி எதையோ மென்றுகொண்டு வந்தாள். சிப்ரியானோ வாயைக் காட்டிக் கையை நீட்டினார். அவள் ஒரு சூயிங்கம் கொடுத்துவிட்டு, பின்னால் வருகிறவர்களைக் கூப்பிடப் போனாள்.

ஆயுசில் பாதி பிசின் காய்ச்சியவர், சூயிங்கம் மென்றது அன்றைக்குத்தான். நாலு மெல்லு மென்றதும் பல்செட் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன.

"போதும், வாயைத் தொறங்க."

"ம்ம்."

"தொறங்கன்னா."

"ம்ம்ம்."

ரெமிகியா விரலை விட்டு இழுத்தாள். சூயிங்கத்தோடு பல்செட்டும் வந்தது. பல்லை அவர் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மூக்கில் அப்பினாள். வெயிலுக்கு அது இளகி, மூக்கு மெல்ல ராஜாவின் உதட்டை நோக்கி இறங்க ஆரம்பித்தது. சிப்ரியானோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் வந்துவிட்டது. கண்ணை மூடி, ராஜாவின் மூக்கில் விரல் வைத்து நிற்கிற பெரியவரைப் பார்த்ததும் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். மஞ்சள் தொப்பிக்காரி தெரிந்த ஸ்பானிஷில் ரெமிகியாவிடம் என்னவோ கேட்டாள்.

"தொட்டா என்ன பலன்னு கேக்குறா. என்ன சொல்ல?"

சிப்ரியானோ ஒரு கையால் பல்லை மாட்டிக்கொண்டார். "கல்யாணம் ஆகும்னு சொல்லு. எனக்கு ஆச்சு."

ரெமிகியா சொன்னாள். வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருத்தர் அழுத்தலுக்கும் மூக்கு ஒரு பக்கம் கோணியது. ஏற்கெனவே கல்யாணமானவர் ஒருத்தர் இரண்டாம் தடவை வந்து நின்றார். அவர் மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

விசில் சத்தம் கேட்டது. காவல்காரர் வந்து கூட்டத்தை விலக்கினார். சிப்ரியானோவின் விரலை எடுத்துவிட்டு, மூக்கைப் பிடுங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு பையிலிருந்து புது மூக்கு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்க பெரியவரே, இந்தச் சிலையே சிமெண்டுதான். மாசத்துக்கு ஒருத்தர் புடுங்கிடுறாங்க."

"அப்ப நிஜ ராஜா?"

"அவரைத் தலைநகரத்து மியூசியத்துக்குக் கொண்டுபோய்ப் பல வருசம் ஆச்சு. மூக்கோரத்துப் பிசின்ல ஒரு கட்டைவிரல் ரேகை இருக்காம், அந்தக் காலத்து சிற்பியோட ரேகைன்னு அதுக்கு மட்டும் தனிக் கண்ணாடி, தனி விளக்கு போட்டிருக்காங்க. ஜனம் வரிசையில நின்னு பார்த்துட்டுப் போகுது."